கழுவாத சிமென்ட்

எங்கள் பல் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரை, அவர் இல்லாத இடங்களில், சிமென்ட் சார் என்போம். பல்லுக்குள் இருக்கும் சதை வெளியே தெரிந்துவிட்டால் அதன்மேல் வைத்து மூட ஒரு சிமென்ட் கண்டுபிடித்திருக்கிறார். சதையிலுள்ள ஸ்டெம் செல்கள் அதைப் பார்த்ததும் உற்சாகமாகிப் புதுச் சுவர் எழுப்பிவிடும் என்பது அவர் கட்சி. செல்களின் கட்சி என்னவென்று கேட்டுச் சொல்வது என் ஆராய்ச்சி.

பிடுங்கிய கடைவாய்ப் பற்களை உடைத்துச் செல்களை எடுத்து, சூடான பெட்டிக்குள் வைத்து, வேளைக்கு வேளை திரவம் மாற்றி வளர்த்தேன். சிமென்ட்டைக் குழைத்த கையோடு அவற்றின்மேல் வைத்தேன். பக்கத்துத் தட்டில், இதுவரை எல்லோரும் வைத்துவரும் பழைய மருந்தை அதேபோல் வைத்தேன். பழைய மருந்தில் பெரும்பாலானவை பிழைத்தன. சார் சிமென்ட்டில் எல்லாம் செத்து, உருண்டு மிதந்தன.

சாருக்குச் செல்கள்மேல் கோபமில்லை, என்மேல்தான். பச்சையாக வைத்தால் எது தாங்கும் என்றார். இறுகவிட்டு, ஊறவைத்து, காரம் போகும்வரை கழுவிவிட்டு வைக்கச் சொன்னார். வைத்தேன். பிழைத்தன. அந்த நிலையில் கூழாங்கல்லை வைத்திருந்தாலும் பிழைத்திருக்கும். கழுவிய கதை கட்டுரையில் ஒற்றை வரியானது. நோயாளிகளுக்கு வைக்க அனுமதி வந்தது. அவர்களுக்குக் குழைத்த கையோடுதானே வைப்பீர்கள் என்று கேட்டேன்.

"சோதனைக்கு முறைன்னு ஒண்ணு இருக்கு தம்பி" என்றார்.

அக்காவுக்குக் கடைவாயில் சொத்தை. பழைய மருந்துதான் என்று ஜூனியரிடம் பேசிவைத்துத்தான் கூட்டிவந்தேன். அவன் சுரண்டும்போது சதை எட்டிப்பார்த்தது. ஊசிமுனை அளவு ரத்தம். அந்தப் பக்கமாக வந்த சாரும் எட்டிப்பார்த்தார். என் அக்கா என்று தெரிந்ததும் பாசம் பொங்கிவிட்டது. நம்மளோடதையே வைத்துவிடுவோம் என்று கையுறையை மாட்டினார். அக்காவின் வாயை ரப்பர் விரிப்பு மூடியிருந்தது. கண்ணால் மட்டும்தான் திட்ட முடிந்தது. நர்ஸ் கண்ணாடித் தட்டில் குழைக்க ஆரம்பித்தார்.

"சார், இதைக் கழுவலையே."

அவர் நிமிரவில்லை. "வாய்க்குள்ள வைக்கிறதை எப்படிடா கழுவுறது?"

"அதத்தான் சார் நானும் கேட்டேன். கழுவாம வச்சப்ப ஒண்ணுகூட பிழைக்கல. அக்கா பல்லுக்குள்ள இருக்கறதும் அதே செல்தான்."

நர்ஸின் கை நின்றது. சார் குரலைத் தாழ்த்தி, என் தீசிஸில் கையெழுத்துப் போடப்போவது யார் என்று விசாரித்தார். அவர்தான். எங்கள் இருவருக்குமே தெரிந்த விஷயம், ஆனாலும் விசாரித்தார். அப்புறம் சிமென்ட்டைக் கருவியில் அள்ளினார்.

வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள். அக்கா தூக்கினாள். மரத்துப்போன பல் எப்படி வலிக்கும் என்றார் சார். தூக்கிய கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். விடவில்லை. அவள் பிடித்தால் எப்படியிருக்கும் என்பது என் காதுக்குத் தெரியும்.

சார் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனார். ஜூனியர் பழைய மருந்தை வைத்து மூடினான்.

வெளியே வந்ததும் அக்கா பாதி உதட்டால் பேசினாள். ஏதோ பாராட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கு நீ இருந்த. அந்த பெஞ்சுல உக்காந்திருக்கவங்களுக்கு யாருடா இருக்கா?"

பெஞ்சு முழுக்கக் கன்னத்தைப் பிடித்தபடி ஆட்கள். சார் உடனே வரச் சொன்னதாக நர்ஸ் வந்து சொன்னார். வருகிறேன் என்றேன். பெஞ்சின் முதல் ஆளான லாரி டிரைவரை நகரச் சொல்லி உட்கார்ந்து, போனில் செத்த செல்களின் படத்தைத் திறந்தேன்.