பல் பதித்த வயர்

யாக்கூபுக்குப் பத்தொன்பது வயது. தென்காசியில் நயினார் அண்ணாச்சியிடம் வயரிங் வேலை பழகத் தொடங்கி ஒன்றே முக்கால் வருஷம் ஆகியிருந்தது. இன்னும் மூன்று மாதத்தில் வயர்மேன் பரீட்சை. அதில் தேறிவிட்டால் மின்சார இலாகாவே மகனைக் கூப்பிட்டு வேலை கொடுக்கும் என்று அவன் வாப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தறிக்குழியில் உட்கார்ந்தே இடுப்பொடிந்த மனுஷர். மகன் கம்பத்தின் உச்சியில் நிற்பதை நினைத்தால் அவருக்கு இடுப்பு தானாக நிமிர்ந்துவிடும்.

பையனும் வேலையில் கெட்டிதான். நயினார் அண்ணாச்சி வாயிலிருந்து நல்ல வார்த்தை பிடுங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அவரே, "யாக்கூபு கட்டுன முடிச்சை யான வந்து இழுத்தாலும் அவுக்க முடியாது" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒரு சங்கதி அவருக்குத் தெரியாது. சிவப்பும் கறுப்பும் யாக்கூபின் கண்ணுக்கு ஒன்றுதான்.

சின்ன வயதில் வாப்பா தறியிலிருந்து சிவப்பு நூல் கேட்டால் கறுப்பு நூலை எடுத்து நீட்டுவான். முதுகில் பளார் என்று விழும். கவனமில்லாத கழுதை என்று அவர் தறியைவிட்டே விரட்டினார். அவனும் தனக்குக் கவனம் போதாது என்றே நம்பினான். தேர்தல் சமயத்தில் கறுப்பு சிவப்புக் கொடி கட்டிய ஊர்வலம் போனபோது, சுற்றி நின்றவர்களோடு சேர்ந்து அவனும் அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு அது முழுக் கறுப்பாகத்தான் பறந்தது. விஷயம் கவனத்தில் இல்லை, கண்ணில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

போய்ச் சேர்ந்த தொழிலோ சிவப்பு, கறுப்பு இரண்டையும் வைத்துப் பிழைக்கிற தொழில். கரண்டு வருகிற வயர் சிவப்பு, திரும்புகிற வயர் கறுப்பு. சுவிட்சைச் சிவப்பில்தான் மாட்டவேண்டும். தப்பிப்போய்க் கறுப்பில் மாட்டினால் விளக்கு எரியும், அணையவும் செய்யும். ஆனால் அணைத்த பிறகும் மேலே விளக்கு மாட்டுகிற ஹோல்டரில் கரண்டு காத்துக்கொண்டிருக்கும்.

யாக்கூப் அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தான். கூட வேலை பழகுகிற சுடலைக்கண்ணுவிடம், "ஏலே, செவப்ப எடு" என்று அதிகாரமாகக் கேட்பான். அவன் எடுத்துக் கொடுத்ததும் வயர் நுனியில் ஒரு கடி. பல் தடம் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் கறுப்பு. அப்புறம் பரணின் இருட்டில்கூட விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். சுடலைக்கண்ணு இலத்தூர்க்காரன். வாய் ஓயாமல் பேசுவான், வேலையில் கொஞ்சம் அசட்டை. யாக்கூப் வயரைக் கடிப்பது தொழில் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு அவனும் கொஞ்ச நாள் கடித்துப் பார்த்தான்.

வைகாசி மாதம். சீசன் தொடங்குமுன் குற்றாலத்துப் பங்களாக்களில் நமுத்துப்போன வயர்களை மாற்றுகிற வேலை வருஷா வருஷம் அண்ணாச்சிக்கு வரும். ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு பங்களா. பரணில் யாக்கூப் புது வயரைப் பழைய வயரோடு சேர்த்துக்கொண்டிருந்தான். புதியதில் பல் தடம் இருந்தது. பழையதில் எதுவுமில்லை. கீழே கூப்பிட்டான். சுடலைக்கண்ணு டீ வாங்கப் போயிருந்தான். டார்ச் அடித்து இரண்டு பழைய வயரையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். ஒன்று கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்த மாதிரி இருந்தது. அதுதான் சிவப்பு என்று முடிவுகட்டி முறுக்கிவிட்டான்.

மறுநாள் சுடலைக்கண்ணு ஏணியில் ஏறினான். ஒழுங்காகச் சுவிட்சை அணைத்துவிட்டு, அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஹோல்டரைத் தொட்டான். கரண்டு தூக்கி எறிந்துவிட்டது. தோள்பட்டை இறங்கி, கை கறுத்து, பேச்சு வரவே அரைமணி நேரம் பிடித்தது. அண்ணாச்சி சோதித்துப் பார்த்தார். வயர் மாறியிருந்தது.

"எவம்லே மாத்திக் கட்டுனது?"

அந்தப் பரணில் இரண்டு பேரும் வேலை செய்திருந்தார்கள். யாக்கூப் வாயைத் திறப்பதற்குள் தரையில் கிடந்த சுடலைக்கண்ணு, "நாந்தான் அண்ணாச்சி, நாந்தான் பராக்குப் பாத்துட்டுக் கட்டிட்டேன் போல" என்று அழுதான். அசட்டைக்காரன் என்று பெயர் வாங்கியவனுக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை. திறந்த வாயை யாக்கூப் மூடிக்கொண்டான். அந்த வயதுக்குள் அதைவிட ஈனமான காரியம் எதையும் அவன் செய்ததில்லை.

சுடலைக்கண்ணு தொழிலை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டான் என்று அண்ணாச்சி சொன்னார். யாக்கூபுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் பரீட்சை போச்சு, வேலை போச்சு. புளியறையில் இஸ்மாயில் மாமாவின் சாப்பாட்டுக் கடையில் லாரிக்காரர்களுக்கு இலை போடுவதுதான் மிச்சம். சொல்லாவிட்டால் அவன் செய்த பிழையைச் சுமந்துகொண்டு இன்னொருத்தன் வயலில் நிற்பான். நாலாம் நாள் இலத்தூருக்கு நடந்தே போனான்.

வரப்பில் வைத்து எல்லாவற்றையும் சொன்னான். அடி விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சுடலைக்கண்ணு தலைத்துண்டை அவிழ்த்தான்.

"அப்ப நான் கட்டலையாலே?"

"இல்லலே."

"சத்தியமா நான் இல்லையே?"

"சத்தியமா நான்தான்."

சுடலைக்கண்ணு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு விசும்பினான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று புரிய யாக்கூபுக்கு நேரம் பிடித்தது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

இரண்டு பேருமாக அண்ணாச்சி முன்னால் போய் நின்றார்கள். அவர் காதில் வாங்கினார், தலையைச் சொறிந்தார், திட்டவே இல்லை.

"ஏலே, கண்ணப் பத்தி வெளிய மூச்சு விட்ராத. பரீட்சையில கண்ணையா சோதிக்கான்? இன்னும் ஏழு பங்களா கெடக்கு, சீசன் தலைக்கு மேல நிக்குது. சுடல கலர் பாத்துச் சொல்லட்டும், நீ கட்டு."

"நான் சொல்லுதேன் அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்றான் சுடலைக்கண்ணு, இன்னும் இறங்கிய தோளோடு.

தப்பித்தோம் என்றுதான் யாக்கூபுக்கு முதலில் இருந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று, தொழிலும் போகவில்லை. இதைவிட என்ன வேண்டும்? ஆனால் எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் தூக்கம் வரவில்லை. யாராவது ஒருத்தர் போடா என்று விரட்டியிருக்கலாம். எல்லாரும் இரு என்கிறார்கள். முடிவை மறுபடி அவன் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. ஐந்தருவி ரோட்டுப் பங்களாவுக்கு ராஜபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. கடைசி சுவிட்சை மாட்டி முடித்து இரண்டு பேரும் கூடத்தில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அருவியில் குளித்துவிட்டு அந்த வீட்டு மருமகள் உள்ளே வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, சொட்டச் சொட்ட ஈரப்புடவை. வெளியே மப்பும் மந்தாரமுமாக இருந்ததில் கூடம் இருண்டிருந்தது. அவள் ஈரக்கையைப் பித்தளைச் சுவிட்சுக்கு நீட்டினாள்.

"தொடாதீங்க!"

யாக்கூப் போட்ட சத்தத்தில் குழந்தை வீரிட்டது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து அவள் மாமனார் ஓடிவந்து, என்ன என்ன என்று அதட்டினார். யாக்கூப் சுவிட்சைக் கைகாட்டினான்.

சுடலைக்கண்ணு போய்ச் சுவிட்சைப் போட்டான். விளக்கு எரிந்தது. அணைத்தான். ஒரு கோளாறும் இல்லை. மாமனார் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

"சரியாத்தாம்லே இருக்கு. ஒண்ணொண்ணா நான் பாத்தேம்லா?"

"நீ பாத்த. நான் பாக்கலையே."

வாசலில் குடையோடு வந்து நின்ற அண்ணாச்சியிடம் போய், நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சொன்னான். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கோட்டிக்காரப் பயலே, ரெண்டே மாசம்! பரீட்சை முடிஞ்சா ஒன் வாழ்க்க கரையேறுன மாதிரி. எவன் வந்து கேக்கப் போறான்?"

"பரீட்சை முடிஞ்சிரும், அண்ணாச்சி. அதுக்குப் பொறவு முப்பது வருசம், ஒவ்வொரு வீட்டுலயும் ஆளு குளிச்சிட்டு வரும்லா?"

அண்ணாச்சி குடையை மடக்கினார். யாக்கூப் தென்காசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். வாப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தான். முதல் வார்த்தைகூடக் கிடைக்கவில்லை, அதற்குள் ஊர் வந்துவிட்டது.