ஐந்தாவது குஞ்சின் கால்

வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பூங்கா, அதற்குள் ஒரு ஏரி. மே மாதம் அங்கே அன்னங்கள் ஐந்து குஞ்சு பொரித்தன. அன்றிலிருந்து எனக்கு யாரைப் பார்த்தாலும் கோபம். அன்னங்களுக்குத் தின்னவெனப் பூசணம் பிடித்த பாண் துண்டுகளை வீசுகிறவர்கள், நாயை அவிழ்த்துவிட்டு ‘ஒன்றும் செய்யாது’ என்கிறவர்கள், தாய் அன்னத்தின் முன்னால் குழந்தையை நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள். ஒருத்தரையும் சும்மா விட்டதில்லை. தினமும் அரை மணித்தியாலம் ஏரிக்கரையில் நின்று ஏசிவிட்டுத்தான் வேலைக்கு பஸ் ஏறுவேன். என் கணவர் கணேசலிங்கம் எனக்கு ‘பூங்கா பொலிஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்.

ஓகஸ்டில் குஞ்சுகள் சாம்பல் நிறத்தில் கிட்டத்தட்ட தாயளவுக்கு வளர்ந்துவிட்டன. ஐந்தாவது மட்டும் நோஞ்சான். மற்றவை தின்று முடித்த பிறகுதான் அதற்கு ஏதாவது மிஞ்சும். என் கண் எப்போதும் அதன் மேல்தான். போன வியாழக்கிழமை அது கரையோரம் ஒரு காலை இழுத்துக்கொண்டு கிடந்தது. ஏதோ நூல் காலை இறுக்கி, பாதம் கறுத்து வீங்கியிருந்தது.

எனக்குத் தலை வெடித்தது. பத்தடி தள்ளி ரதீசன் தூண்டிலோடு இருந்தான். முப்பது வயதுக்காரன், லீவு நாளில் தவறாமல் மீன் பிடிக்க வருகிறவன்.

“உமக்கு வெக்கமில்லையோ? உம்மட தூண்டில் நூல் செய்த வேலையைப் பாரும்!”

“அன்ரி, நான் ஒரு துண்டு நூலும் விடுறேல்லை. எல்லாத்தையும் பையுக்கை வைச்சுக் கொண்டுபோறனான்.”

“பொய் சொல்லாதையும்! நாளைக்கும் இஞ்சை கண்டனெண்டால் கவுன்சிலுக்குச் சொல்லுவன்.”

நடக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாக ஏசினேன். அவன் சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி, தகப்பன் அன்னம் சிறகை விரித்துச் சீறச் சீற, குஞ்சை அணைத்துத் தூக்கினான். பறவை மீட்பு நிலையத்துக்கு நான் போன் செய்து, அங்கிருந்து ஷெறோன் வந்து சேரும் வரை, ஈரக் காற்சட்டையோடு அதை மடியில் வைத்திருந்தான்.

ஷெறோன் இங்கே பிறந்த யாழ்ப்பாணக் கத்தோலிக்கப் பிள்ளை. நூலை வெட்டி எடுத்து உள்ளங்கையில் விரித்தாள்.

“இது தூண்டில் நூல் இல்லை. பருத்தி. மஞ்சளும் பட்டிருக்கு, இலைத் துண்டொண்டும் சிக்கிக் கிடக்கு. இது என்ன அன்ரி?”

மாவிலை. கும்பத்தில் சுற்றும் நூல். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கணேசலிங்கத்துக்கு அறுபதாம் கலியாணம். எங்கள் முன்னறையில் ஒன்பது கும்பம் வைத்து ஐயர் ஹோமம் செய்தார். பூசைக்கு வைத்ததைக் குப்பையில் போடக்கூடாது, கால் படாமல் தண்ணீரில் விடவேண்டும். நான்தான் எல்லாவற்றையும் பையில் கட்டி அவரிடம் கொடுத்தேன். எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை.

ரதீசனும் நூலைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். குனிந்து குஞ்சின் கழுத்தைத் தடவினான். ஏதாவது சொல்லியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன்.

“தெரியேல்லை,” என்றேன் ஷெறோனிடம்.

“ஒண்டெண்டால் பரவாயில்லை. இன்னும் கிடந்தால் மற்ற நாலும் மாட்டும். அதுதான் கேட்டனான்.”

போனில் கணேசலிங்கத்தைப் பிடித்தேன். “இஞ்சேருங்கோ, ஹோமத்துப் பையை எங்கை விட்டனீங்கள்?”

“உந்தப் பார்க் ஏரியிலைதான். ஏன்?”

“அறிவு கெட்ட மனுசன்! எல்லா நூலுமோ?”

“ஒன்பதும்தான். நீர்தானே தண்ணியிலை விடச் சொன்னனீர்? இப்ப ஏன் கத்துறீர்?”

கத்துவதற்கு எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. ஷெறோனிடம் திரும்பினேன்.

“ஒன்பது கிடக்கு பிள்ளை. எங்கட வீட்டு நூல். நான்தான் விடச் சொன்னனான்.”

அவள் குஞ்சைத் தான் கொண்டுவந்த பறவைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். கால் தப்புமா என்று அவளுக்கே தெரியவில்லை. ரதீசனிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவன் மீன் அள்ளும் வலைத்தடியை என்னிடம் நீட்டினான். நான் வேலைக்குப் போகாமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். கணேசலிங்கமும் வந்து இறங்கினார். பின்னேரம் வரை சேற்றைக் கிளறி ஐந்து நூல் எடுத்தோம். காலில் இருந்ததோடு ஆறு.

மற்ற மூன்றும் உள்ளேதான் கிடக்கின்றன. நாலு குஞ்சும் அவற்றுக்கு மேலேதான் நீந்துகின்றன.