ஏழு மணிக்கு ஏறும் ஷட்டர்

காலை ஏழு மணிக்கு அம்மாவின் படுக்கையறை ஜன்னல் ஷட்டர் உறுமிக்கொண்டு தானாக மேலே ஏறியது. அம்மாவை முந்தின நாள்தான் அடக்கம் செய்திருந்தோம். சமையலறையில் காபிக் கோப்பையோடு நின்றிருந்த நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏற்றியது வேறு யாருமில்லை, நான்தான். போன வசந்தத்தில் நான் எழுதிவைத்த நேரம் அது.

அம்மாவுக்குத் தோள்பட்டை வலி. ஐந்து ஜன்னல் ஷட்டர்களையும் தினமும் வாரைப் பிடித்து இழுத்து ஏற்ற முடியவில்லை என்று ஒரே ஒருமுறை, அதுவும் வாய்தவறிச் சொன்னாள். எனக்கு அது போதும். ஹாம்பர்க்கிலிருந்து மோட்டார்களோடு வந்து இறங்கினேன். கூடத்து ரூட்டரில் கம்பெனி போட்டுக் கொடுத்த மென்பொருளைத் துடைத்தெறிந்துவிட்டு வேறொன்றை ஏற்றி, அதற்குள்ளேயே சொந்தமாக ஒரு பக்கம் எழுதினேன். போனில் திறந்தால் ஐந்து ஜன்னல், ஐந்து பெரிய பொத்தான். அடியில், அம்மாவின் போன் வீட்டு இணைப்பில் இருந்தால் ஒரு பச்சைப் புள்ளி. ஹாம்பர்க்கிலிருந்தும் பார்க்கலாம். இரண்டு நாள் வேலை. முடிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பொத்தானையும் நான்தான் அமுக்கணுமா?" என்றாள் அம்மா.

"வேண்டாம்மா. காலைல ஏழுக்குத் தானா ஏறும், ராத்திரி ஒன்பதுக்குத் தானா இறங்கும். நீ பேசாம தூங்கு."

"அப்ப நான் எந்திரிச்சேனா இல்லையான்னு இதுக்குக் கவலையே இல்ல."

இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவன் நான். எட்டு மணிக்குள் ஒரு வீட்டு ஷட்டர் ஏறவில்லையென்றால் எதிர்வீட்டுக்காரர் வந்து மணியடிப்பார். யாரும் பேசிவைத்துக்கொண்டதில்லை, அப்படித்தான் வழக்கம். எதிர்வீட்டு லோத்தார், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், நிமோனியாவில் நினைவில்லாமல் கிடந்தபோது அம்மா போய் மணியடித்ததால்தான் பிழைத்தார். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் புத்தி பொத்தான்களிலேயே இருந்தது.

இந்தப் பிப்ரவரியில் ஒரு செவ்வாய் மாலை அம்மா குளியலறையில் விழுந்தாள். போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. புதன், வியாழன், வெள்ளி மூன்று காலையும் ஷட்டர்கள் ஏழுக்கு ஏறின. மூன்று நாளும் அலுவலகத்திலிருந்து என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பச்சைப் புள்ளி. ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. வெள்ளிக்கிழமை குப்பை வண்டி வரும் நாள். அம்மாவின் தொட்டி வாசலுக்கு வராததைக் கண்டுதான் லோத்தார் தன்னிடமிருந்த சாவியோடு ஓடினார். வியாழன் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அந்தச் சொல்லை இனி நான் சாகும்வரை சுமக்க வேண்டும்.

அடக்கம் முடிந்த மறுநாள் மதியம் லோத்தார் வந்தார். வைத்த கேக்கைத் தொடவில்லை.

"ஏறுனதைப் பாத்தேன்டா ஹோல்கர். மூணு நாளும் பாத்தேன். எப்பவும்போல கைகூட ஆட்டினேன்."

நான் கேக் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"தானா ஏறும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அம்மா சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"யாரு, எல்ஃப்ரீடாவா? எம்பத்திரெண்டு வயசுலயும் தானே இழுக்கறதா எங்கிட்ட பீத்திக்கிட்டாடா." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். "அதை நிறுத்திடு. என்னால பாக்க முடியல."

அவர் கண்முன்னாலேயே பக்கத்தைத் திறந்து நேரங்களை அழித்தேன். அடியில் பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது. அம்மாவின் போனை யாரும் சார்ஜிலிருந்து எடுக்கவே இல்லை.

அன்றிரவு பொத்தான்களை அமுக்கி ஷட்டர்களை நானே இறக்கினேன். மறுநாள் காலை வீடு இருட்டாகவே இருந்தது. அம்மாவின் கட்டிலில் விழித்தபடி படுத்திருந்தேன். ஏழு ஆனது, எதுவும் உறுமவில்லை. எழுந்து எதற்கு ஏற்ற வேண்டும் என்றிருந்தது. எட்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. விடாமல் அடித்தது.

கதவைத் திறந்தேன். லோத்தார் இரவு உடைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு பனியில் நின்றிருந்தார். கையில் அம்மாவின் வீட்டுச் சாவி.

"ஏறலையேடா" என்றார், மூச்சிரைக்க.

என்னைப் பார்த்த பிறகும் சாவியை அவர் பைக்குள் வைக்கவில்லை. அவருக்குப் பின்னால், தெருவுக்கு அந்தப் பக்கம், அவர் வீட்டு ஷட்டர் பாதி இழுத்தபடியே நின்றிருந்தது.