பார்க்கவென்று விட்ட வெளி

சுந்தரேஸ்வரி சந்தைப் பையை மடியில் வைத்துக்கொண்டு சதுக்கத்து நீரூற்றின் ஓரத்தில் இருந்தாள். பைக்குள்ளிருந்து லீக்ஸ் தலை நீட்டியது. எங்கள் ஆட்கள் யாராவது கண்டால் மரக்கறி வாங்க வந்ததாகச் சொல்லத்தான் அந்த லீக்ஸ். எதிரே நகரசபைக் கட்டடத்துக்குள் எங்கள் ஒரே மகள் நிரோஜினிக்கும் மார்ட்டினுக்கும் பதிவுத் திருமணம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரனைக் கட்டினால் கண்கொண்டும் பார்க்கமாட்டேன் என்று மாதக்கணக்கில் நின்றவளின் பிடிவாதம், எப்படியோ இந்த நீரூற்று வரை வந்துவிட்டது. மனைவியைத் தனியே விட மனமில்லாமல் நானும் உள்ளே போகவில்லை.

லிண்டன் மரம் பூத்திருந்தது. வாசம் கண்ணைச் சொருகவைத்தது. தேவாலய மணி தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. இவ்வளவு காலம் வாழ்ந்தும், தெற்கு ஜெர்மனியின் இந்தச் சிறு நகரம் சில நேரம் யாரோ காணும் கனவாகவே எனக்குத் தோன்றும். பக்கத்தில் ஒரு பெண் சுற்றுலாக்காரருக்கு இடத்தின் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மனைவிக்குத் தமிழில் சொன்னேன்.

"முதல்ல கட்டடமே இல்லையாம். இந்த மரத்துக்குக் கீழதான் வழக்குப் பேசுறதாம். சனம் சுத்தி நிக்கத்தான் இந்த வெளியாம். பிறகுதான் சந்தை, நகரசபை எல்லாம். இங்க நடந்ததை நான் பாக்கேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேலாதாம்."

"அப்ப கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இருப்பம்," என்றாள்.

தள்ளி இருப்பதற்குள் அரியரத்தினம் வந்துவிட்டார். இங்கே தும்மினால் தூரத்து எசன் நகரத்துத் தமிழருக்கும் சொல்லிவிடுகிற மனிதர்.

"என்ன அக்கா, சந்தைக்கோ?"

"ஓம்."

அந்த நேரம் பார்த்து நகரசபைக் கதவு திறந்தது. படிக்கட்டடியில் நண்பர்கள் ஒரு மரக்குற்றியைத் தாங்கியில் ஏற்றி வைத்திருந்தார்கள். புதுத் தம்பதி சேர்ந்து மரம் அரிய வேண்டும், இது இவர்களுடைய வழக்கம். நிரோஜினி ஒரு கையால் மரம் அரியும் வாளைப் பிடித்தாள். மறு கையால் அவிழ்ந்துகொண்டிருந்த சேலையைப் பிடித்தாள். வாள் பாதி மரத்தில் இறுகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

"உது உங்கடை பிள்ளையெல்லே?" என்றார் அரியரத்தினம்.



"ஓம், என்ரை பிள்ளைதான். சீலை கட்டிவிட நான் போகேல்லை," என்று சொல்லி சுந்தரேஸ்வரி எழுந்தாள்.

வெயிலும் பூந்தூளும் மிதந்த அந்த வெளியைக் குறுக்கே நடந்து போனாள். எல்லோரும் பார்த்திருக்க மகளின் முன்னால் கல்லில் முழந்தாளிட்டு, கொசுவத்தை ஒவ்வொன்றாக மடித்தாள். நிரோஜினி இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு, சின்ன வயதில் நின்றதுபோல, அசையாமல் நின்றாள்.