பேட்டரியின் அகமின்தடை

மறுநாள் காலை ஒன்பதிலிருந்து ஆறு மணி நேரம் மின்சாரம் இருக்காது என்று அறிவிப்பு வந்திருந்தது. அவ்வளவு நேரமும் அம்மாவின் ஆக்சிஜன் மெஷின் இன்வெர்ட்டரில்தான் ஓட வேண்டும். அது நின்றால் சற்று நேரத்திலேயே அம்மாவுக்கு உதடு நீலம் பாரித்துவிடும்.

தங்கை கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து இயற்பியல் வீட்டுப்பாடம் போட்டுக்கொண்டிருந்தாள். நான்காவது கணக்கு: ஒரு மின்கலம் ஒரு விளக்கை எவ்வளவு நேரம் எரிக்கும்? அதை முடித்த கையோடு, விளக்கு என்ற சொல்லை அடித்துவிட்டு எங்கள் மெஷினை எழுதினாள்.

“அக்கா, பன்னெண்டு வோல்ட், நூத்தம்பது ஆம்பியர்-மணி. பெருக்கினா ஆயிரத்து எண்ணூறு. மெஷினுக்கு முந்நூறு வாட். வகுத்தா ஆறு! சரியா ஆறு மணி நேரம்!”

“என் மூச்சும் உன் வீட்டுப்பாடத்துல சேர்ந்துடுச்சா?” அம்மா நடுவில் ஒரு முறை நிறுத்தி மூச்சிழுத்துக் கேட்டாள். “எத்தனை மார்க்குடி?”

“ஆறு வருதில்ல, போதும்,” என்றார் கதவருகே நின்ற அப்பா. “ஆஸ்பத்திரிக்கு அலைய வேணாம்.”

பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற மனிதர். இதில் மறுகேள்வி கேட்கவில்லை.

கணக்கின் கடைசி வரியில் விரலை வைத்தேன். ‘இழப்பு ஏதுமில்லை எனக் கொள்க.’

“நம்ம பேட்டரி அஞ்சு வருஷப் பழசு. அடுத்த கணக்கைப் பாரு.”

ஐந்தாவது கணக்கு அகமின்தடை. மின்கலம் தனக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும்; பழசாக ஆக அந்தத் தடை கூடும். சுமை ஏறியதும் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு நானும் தங்கையும் இன்வெர்ட்டர் பக்கம் போனோம். பேட்டரியைக் கழற்றி, சிறிது பொறுத்து அளந்தேன்: 12.4. திரும்ப மாட்டி, மெயின் சுவிட்சை இறக்கச் சொன்னேன். உள்ளே மெஷின் ஒரு முறை கூவிவிட்டுத் தொடர்ந்து ஓடியது. 11.2.

“ஒண்ணு புள்ளி ரெண்டு இறங்குது. இன்வெர்ட்டர் தின்னுறதையும் சேர்த்தா முப்பது ஆம்பியர் போகுது. வகுத்தா பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நாலு ஓம். துளியூண்டுதானேக்கா?”

“புதுசுல இதுல பத்துல ஒரு பங்குகூட இருக்காது. ஆரம்பத்துலயே இவ்வளவு இறங்கினா, சீக்கிரமே வோல்ட் பத்தாம இன்வெர்ட்டர் தானா அணைஞ்சுடும்.”

அவள் சுவிட்சை ஏற்றினாள்.

எனக்குச் சத்தமாகப் பேச வராது. அப்பாவின் அருகில் போய் நின்றேன். “ரெண்டு மணி நேரம்கூட ஓடாதுப்பா. காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.”

“கணக்கு எங்கயாவது தப்பியிருக்கும்.”

“தப்பெல்லாம் இல்ல!” தங்கை சண்டைக்கு வந்தாள். “இந்தாங்க, நீங்களே போட்டுப் பாருங்க.”

தாளை அவர் கையில் திணித்தாள். அவர் தாளைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

“அவரை விடுங்கடி,” என்றாள் அம்மா. “போன வாரம் நீங்க ரெண்டு பேரும் வெளிய போயிருந்தப்ப கரண்ட் போச்சு. பேட்டரி ஒரு மணி பத்து நிமிஷம்தான் தாங்குச்சு. மெஷின் நின்ன கொஞ்ச நேரத்துல கரண்ட் திரும்பி வந்துடுச்சு. அவரும் பக்கத்துலதான் இருந்தார்.”

மெஷின் இரண்டு முறை இழுத்து விட்டது.

“இனிமே ஆஸ்பத்திரி வேணாம்னு அன்னிக்கே அவர்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன். நாளைக்கு இது நின்னா, நிக்கட்டும்.”