வாரத்துக்கு 0.21

அறுபத்திரண்டு பேர் எழுதிய தேர்வில், ஐந்தாம் கேள்விக்கு அறுபத்தோரு பேருக்கு முட்டை போட்டேன். முழு மதிப்பெண் வாங்கிய ஒரே ஆள், கடைசி வரிசையில் வருடம் முழுக்க உறங்குகிறவன். வழிமுறை எதுவும் எழுதாமல், வெறுமனே ‘2’ என்று போட்டிருந்தான். என் விடைக்குறிப்பில் 1.68 என்று இருந்தது; தாராள மனதோடு ஏற்றுக்கொண்டேன். மற்ற எல்லோரும் 259 என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் தப்பாக எழுதினால் அது தப்பு, அறுபத்தோரு பேர் ஒரே தப்பை எழுதினால் அது காப்பி என்று முடிவுகட்டி, துறைத்தலைவருக்குப் புகார்க் கடிதமும் கொடுத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன். முப்பது வருட அனுபவம் என்பது இதுதான்: தவற்றைக்கூடத் தயக்கமில்லாமல் செய்ய வரும்.

விடைத்தாளைக் கொடுத்து முடிப்பதற்குள் முன்வரிசைப் பெண் எழுந்துவிட்டாள். அரை மதிப்பெண்ணுக்கு அரை மணி நேரம் வாதாடுவாள் என்பதால் அவளுக்கு நான் வைத்த பெயர் தராசு.

“சார், குளத்துல அறுநூறு தலைப்பிரட்டை. இறப்பு வீதம் 0.21. நாலு வாரம் கழிச்சு எத்தனை மிஞ்சும்? இதானே கேள்வி?”

“ஆமா.”

“கேள்வித்தாள்ல பட்டியலுக்கு மேலயே ‘வாரத்துக்கு’ன்னு போட்டிருக்கு. அப்ப நாலாலதானே பெருக்கணும்? நீங்க நாள் கணக்கு வச்சு இருபத்தெட்டால பெருக்கியிருக்கீங்க.”

கேள்வித்தாளைப் பார்த்தேன். போட்டிருந்தது.

“அதுபோக, 1.68 தலைப்பிரட்டைன்னா, அந்த 0.68 என்ன சார்? வாலா?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“இதே கணக்கு உங்க ஆய்வுக் கட்டுரையிலயும் இருக்கே சார். அதுலயும் நாள்தானா?”

“பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு, மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே வெளியே வந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைகளைப் பற்றி எழுதியவன் நான். எனக்குப் பொருந்தாமல் வேறு யாருக்குப் பொருந்தும்?

நான் செய்வது கணித உயிரியல். கணிதக்காரர்களுக்கு நான் பூச்சி பிடிக்கிறவன், உயிரியல்காரர்களுக்குக் கிறுக்கெழுத்துக்காரன். இரண்டு வீட்டு விருந்தாளிக்கு எந்த வீட்டிலும் இலை விழாது. அப்படிப்பட்டவனை மதித்துத் தேடி வந்தவர், எதிர்க் கட்டடத்தில் தற்காலிகப் பணியில் இருக்கும் உயிரியல் ஆசிரியை. தவளை மேடம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாற்பத்தெட்டுத் தொட்டிகளில் தலைப்பிரட்டை வளர்த்து, அவற்றைத் தாக்கும் பூஞ்சையைப் பற்றி ஆய்வு செய்தார். வெள்ளிக்கிழமைதோறும் செத்ததை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவார். இரண்டு வருட வெள்ளிக்கிழமைகள். குறிப்பேட்டுப் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். படம் திரையில் அடங்கவில்லை என்று மேல் ஓரத்தை வெட்டினேன். ‘வாரத்துக்கு’ என்ற சொல் அந்த ஓரத்தில் இருந்தது. என் சமன்பாடுகளில் காலம் என்றால் நாள்தான், அதுவே பழகிப்போயிற்று. இப்போது தேர்வுக்காகப் பட்டியல் கேட்டபோது, குறிப்பேட்டிலிருந்து முழுப் பக்கத்தையும் தட்டச்சு செய்து தந்தார் அலுவலகத்து அம்மா. தலைப்போடு.

பூஞ்சை வந்தால் மூன்றே மாதத்தில் குளம் காலியாகிவிடும் என்பது எங்கள் கட்டுரை. அன்று மாலை வாரக் கணக்கில் மறுபடி போட்டுப் பார்த்தேன். குளம் காலியாகவில்லை. காலியானது கட்டுரைதான்.

அதைத் திரும்பப் பெற்றால் எனக்குக் கொஞ்சம் அவமானம். அது எனக்குப் பழக்கம்தான். ஆனால் தவளை மேடத்துக்குப் பணி நிரந்தரத்துக்கான நேர்முகத் தேர்வு பத்து நாளில் இருந்தது. குறைந்தது இரண்டு கட்டுரை காட்ட வேண்டும் என்பது விதி. அவரிடம் இருந்தவை இரண்டே. ஒன்று இது.

வீட்டில் சொன்னேன். மனைவி மருத்துவமனையில் தலைமைச் செவிலியர்.

“வாரத்துக்கு ஒரு மாத்திரைன்னு எழுதினதை தினமும் ஒண்ணுன்னு நான் கொடுத்திருந்தா, இந்நேரம் போலீஸ் ஸ்டேஷன்ல இருப்பேன்” என்றாள். “நீங்க சட்டினியில உப்பு பத்தலன்னு உக்காந்திருக்கீங்க.”

“அந்தம்மா வேலை என்னாலதான் போகுதுன்னு சொல்றியா?”

“சாப்பிடுங்க, ஆறுது.”

மறுநாள் துறைத்தலைவரிடம் போனேன். அவர் மேசையில் என் புகார்க் கடிதம் கிடந்தது.

“முதல்ல இதை எடுத்துக்கிட்டுப் போய்யா. காலையிலேர்ந்து அறுபத்தோரு பேரு என் ரூம் வாசல்ல நிக்கிறான். காப்பியாம் காப்பி! சரியா விடை எழுதினதுக்குப் பசங்க மேலயே கேஸா?”

கட்டுரை விஷயத்தைச் சொன்னேன். குரல் தணிந்தது. அது இன்னும் மோசம்.

“ஒன்பது நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. நேர்முகத் தேர்வு முடியட்டும். பத்தாம் நாள் கடிதம் போடுங்க. பத்து நாள்ல தவளை என்ன, செத்தா போயிடும்?”

“என் கட்டுரைப்படி நூத்துக்கு எண்பத்தெட்டு செத்திருக்கும் சார்.”

அவர் சிரிக்கவில்லை. “உமக்கு வாய்தான்யா வில்லன்.”

“கடிதம் போட்டா அவங்க வேலை போறதுக்கு நான்தான் காரணமாவேனா?”

“பார்க்கலாம்” என்றார்.

தவளை மேடத்தின் ஆய்வுக்கூடத்தில் காற்றுக்குழாய்கள் எந்நேரமும் கொப்புளித்துக்கொண்டிருக்கும். பாசி வாடை. முழங்கைவரை ஈரமாக நின்று தொட்டி ஒன்றைக் காலி செய்துகொண்டிருந்தார். தராசு அதற்குள் வந்துபோய்விட்டாள் போலிருக்கிறது. என் முகத்தைப் பார்த்ததுமே திரும்பிக்கொண்டார்.

“மேடம், ஒரு நல்ல செய்தி. உங்க தவளைங்க எல்லாம் பிழைச்சுக்கிச்சு.”

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம். தொட்டியில் போட்ட கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது.

“ஜோக் அடிக்காதீங்க சார்.”

“இல்ல, நான் படத்தோட மேல் ஓரத்தை வெட்டிட்டேன்...”

“எதுக்கு வெட்டினீங்க?”

“திரையில அடங்கல.”

“திரையில அடங்கல” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “நீங்களும் கட்டுரையைப் படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க” என்றேன்.

வலையைக் கீழே வைத்தார். “படிச்சேன். ‘மூணு மாசத்துல எப்படி சார் காலியாகும்? என் தொட்டியில அப்படி நடக்கலையே’ன்னு கேட்டேன். என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?”

இருந்தது.

“‘கணக்கு சொல்லுதும்மா’ன்னீங்க. நாலு பேரு முன்னாடி. அவங்க சிரிச்சாங்க. சரி, நமக்குத்தான் கணக்கு வரலன்னு நானும் சிரிச்சேன்.”

“உங்களுக்கு வேலை கிடைக்கலன்னா அது என்னாலன்னு...”

“தண்ணி மாத்தணும். நகருங்க.”

அடுத்த நான்கு நாளும் என்னைக் கண்டால் படிக்கட்டை மாற்றிக்கொண்டார். ஆசிரியர் ஓய்வறையில் உயிரியல்காரர்கள் நான் உட்கார்ந்த மேசையிலிருந்து தேநீரைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். ‘இன்னைக்கு என்ன கிழமை சார், நாளா வாரமா?’ என்று யாரோ கரும்பலகையில் எழுதி வைத்திருந்தான். எழுத்து அழகாக இருந்தது. அழிக்க மனம் வரவில்லை, இருந்தாலும் அழித்தேன்.

ஐந்தாம் நாள் இரண்டு கடிதங்களோடு போனேன். இரண்டிலும் வாசகம் ஒன்றுதான்: பிழை முழுவதும் கணக்குப் போட்டவருடையது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். ஒன்றில் அன்றைய தேதி. மற்றொன்றில் நேர்முகத் தேர்வுக்கு மறுநாள் தேதி. இருவரும் கையெழுத்திட வேண்டும். எதில் என்று முடிவு செய்யும் பாரத்தை நைசாக அவர் தலையில் இறக்கி வைக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

இரண்டையும் படித்தார்.

“இது யாரு யோசனை?”

“துறைத்தலைவர் சொன்னார். நானும்... வேண்டாம்னு சொல்லல.”

“மறுநாள் தேதி போட்டதுல கையெழுத்துப் போட்டா, நேர்முகத் தேர்வுல உக்காந்து மூணு மாசத்துல குளம் காலின்னு நான் பேசணும். நூறு வெள்ளிக்கிழமை எண்ணினவ, எண்ணினதே பொய்னு என் வாயால சொல்லணும்.” பின்தேதிக் கடிதத்தை என் சட்டைப் பையிலேயே மடித்துச் செருகினார். மற்றதில் கையெழுத்திட்டார். காகிதத்தில் ஈரவிரல் தடம் விழுந்தது.

“நான் தேர்வுக் குழுவைப் பார்த்துச் சொல்றேன். தப்பு என்னோடது, உங்க எண்ணிக்கை சரின்னு.”

“சொல்லுங்க. கேட்டுப்பாங்க. ஆனா உங்க வருத்தத்தை ரெண்டாவது கட்டுரையா சேர்த்துக்க மாட்டாங்க.”

கடிதத்தை உறையில் போட்டேன். போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாமா என்று தேடினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் கிடைக்கவில்லை.

“மேடம், இந்த வேலை உங்களுக்குப் போனா... அது என்னாலதானா?”

என்னை நேராகப் பார்த்தார். ஐந்து நாளில் அதுதான் முதல்தடவை.

“ஆமா சார். உங்களாலதான்.”