பதினோரு செருப்புத் துண்டுகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கடலில் கிடக்கும் பழைய வலைகளை எடுத்துப் பை தைக்கும் காத்திவாக்கம் பெண்கள் பதினான்கு பேரைப் பற்றி, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த தொண்டு நிறுவனத்தார் ஒரு துண்டறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். ஒரே ஒரு பக்கம். காலடிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போய், எழுதிக் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆகிறது.

"அலைகள் கரையை முத்தமிடும் காத்திவாக்கத்தில்..." [தூ! எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் அலை எதைப் போய் முத்தமிடும்?]

"கணவரை இழந்த தங்கபுஷ்பம், கழிவில் தன் வாழ்வைத் தைக்கிறார்." இதை எழுதியதும் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பத்திடமே வாசித்தும் காட்டினேன். மெஷின் நின்றது.

"யாரு இழந்தது? நான் சொன்னனா உன்கிட்ட? தொழிலுக்குப் போயிருக்காரு. அப்பிடி எழுது."

"எப்போம்மா போனார்?"

"ரெண்டு வருசம் ஆச்சு. அதுக்கு இன்னா இப்போ?"

[கடலுக்குப் போவதை அங்கே தொழிலுக்குப் போவது என்பார்கள். காலையில் போனவனுக்கும் அதே சொல்தான். அடித்துவிட்டு அப்படியே எழுதினேன்.]

2

வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடலடியில் சிக்கிக் கிடக்கும் வலைகளைப் படகுக்காரர்கள் இழுத்துவந்து கொட்டகையில் போடுவார்கள். ஆன்சி மிதவைகளையும் ஈயக் குண்டுகளையும் அறுத்தெடுத்துவிட்டு, வலையைக் கழுவி வெட்டித் தருவாள். ராயபுரத்திலிருந்து கல்யாணம் கட்டிக்கொண்டு வந்தவள், தங்கபுஷ்பத்துக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். வெட்டியதைத் தங்கபுஷ்பம் தைப்பாள். மிதவை போய்விட்டால் எல்லா நைலான் வலையும் ஒன்றுதான். யாருடையது என்று அடையாளம் தெரியாது.

தங்கபுஷ்பத்தின் கணவன் ரகுபதி. தனியாகக் கட்டுமரத்தில் போனவன். நான்காம் நாள் மரம் மட்டும் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒதுங்கியது. அவனும் வரவில்லை, வலையும் வரவில்லை. அந்த வலை கிடைக்காததைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஆளு முழுகியிருந்தா வலையாவது கெடச்சிருக்கும்ல? எவனோ கப்பல்காரன் வலையோட ஏத்திகினு பூட்டான். எங்கியோ ஜெயில்ல கீறாரு."

மாதம் ஒரு முறை துறைமுக வாசலில் போய் நிற்பாள். வெளியே வரும் கப்பல் ஆட்களிடம் ரகுபதியின் படத்தைக் காட்டுவாள். மகள் அம்முவின் பள்ளிப் படிவத்தில் தகப்பன் பெயருக்கு முன்னால் 'லேட்' போடவா என்று ஒருவர் கேட்டாராம். அவருக்கு விழுந்த வசவை இங்கே அச்சிட முடியாது. நெற்றியில் பெரிய பொட்டு வைத்திருக்கிறாள்.

3

ஆன்சியை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. "கல்நெஞ்சுக்காரி ஆன்சி..." இல்லை. "பயந்தாங்கொள்ளி ஆன்சி..." அதுவும் இல்லை. எந்த வாக்கியத்துக்குள்ளும் இந்தப் பெண் அடங்க மாட்டேன் என்கிறாள். விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன ஆடியில் ஒரு வலை வந்தது. மிதவைகள் எல்லாம் தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிக் கோத்தவை. [இது அங்கே வழக்கம். தூக்கிப் போடுவதைப் பயனாக்குவது எப்படி என்று இவர்களுக்கு வகுப்பு எடுக்க வந்தவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.] சின்னப் பிள்ளைச் செருப்புகள், நிறம் நிறமாக. ஒவ்வொரு துண்டிலும் காய்ச்சிய கம்பியால் சுட்ட 'அ'. அம்மு வளர வளர, அவளுக்குச் சேராத செருப்புகளை வெட்டி, 'அ' சுட்டு, தன் வலையில் கோத்தவன் ரகுபதி. தெருவுக்கே தெரிந்த விஷயம். ஒரு துண்டு என்றால் எப்போதோ அறுந்து விழுந்தது என்று விட்டுவிடலாம். ஒரே கயிற்றில் வரிசையாகப் பதினொன்று இருந்தன.

ஆன்சி அவற்றை அறுத்துக் குப்பைச் சாக்கின் அடியில் திணித்துவிட்டாள். வலையை வெட்டி, தங்கபுஷ்பத்தின் மெஷினருகே வைத்தாள்.

"நல்ல வலை ஆன்சி, தைக்க சொகமா கீது," என்றாளாம் தங்கபுஷ்பம். "எவன் வுட்டுட்டு வந்தானோ! வூட்ல பொண்டாட்டி இன்னா ஏசு ஏசியிருப்பா!" சொல்லிவிட்டுச் சிரித்தாளாம்.

அந்த வலையில் இருபத்திரண்டு பைகள் வந்தன.

"அவ சிரிச்சிகினு கீறா, எப்பிடிண்ணா சொல்றது?" தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்னைக் கூட்டிப் போய் ஆன்சி அழுதாள். "நான் வாயத் தொறந்தா அவ பொட்ட நானே அழிச்ச மாரி ஆவும். நாளைக்கி சொல்லலாம், நாளைக்கி சொல்லலாம்னு ஆறு மாசம் பூட்ச்சி. நீ எழுதறவன்தானே, நீ சொல்லேன்."

என்னாலும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து நானும் அழுதேன்.

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஆன்சி சொல்லிவிடுகிறாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், மழை பெய்கிறது. மழையை அடித்தேன். பிறகு கட்டிப்பிடித்ததை அடித்தேன். மிச்சம் இருந்த அழுகையை என்ன செய்வதென்று தெரியாமல் தாளைக் கிழித்தேன்.

ரகுபதி வந்துவிடுகிறான். தாடியும் மீசையுமாக வாசலில் நின்று, "தங்கம்" என்று— [ஒரே கயிற்றில் பதினொன்று. முடியாது.]

யாரும் சொல்வதில்லை. அவள் நம்பிக்கையோடு இருந்துவிட்டுப் போகட்டுமே! இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது, முக்கால்வாசி எழுதியும்விட்டேன். அதற்குள் போன வாரம் ஆன்சியிடமிருந்து போன். தங்கபுஷ்பம் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம். துறைமுக வாசலில் ஒரு மாலுமி படத்தைப் பார்த்து, "எங்கேயோ பார்த்த முகம்" என்று சொல்லித் தொலைத்திருக்கிறான். தேடிப் போகிறாள். எந்த நாடு என்றுகூடத் தெரியாது. அம்முவை ஆஸ்டலில் சேர்க்க இடம் பார்த்தாகிவிட்டது.

இப்போது சொல்லாமல் இருப்பதும் குற்றம்தான். தெரிந்தும் நான் இங்கே உட்கார்ந்து வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

5

நேற்று தங்கபுஷ்பமே போன் செய்தாள்.

"ண்ணா, எங்கள கதையா எழுதுறியாமே? சொல்லவே இல்ல பாத்தியா! எனக்கு ஒரு காப்பி குடு. எனக்கு படிக்க வராது, அம்மு படிச்சு காட்டுவா. அவுங்க நைனா பேரு வருதா அதுல?"

"வருது."

"வருதா!" பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சனிக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டேன். என் மேசையில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டாம் பகுதியோடு முடிந்துவிடும். இன்னொன்று, நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது. எதைக் கொடுப்பது? எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அம்மு எட்டாவது படிக்கிறாள். எங்கேயும் தடுக்காமல், நிறுத்தாமல், அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படிப்பாள்.